பத்து லட்சம் ரூபாயை எங்கே கொடுப்பது: கொங்கு நாட்டுக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

கொங்கு நாட்டில் ஒரு குடும்பம் தர்மத்துக்கென்று பெருந்தொகையை ஒதுக்கும் சந்தர்ப்பங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பெற்றோரில் ஒருவர் மறைந்து முதலாண்டுத் திதி நெருங்கும்போதோ, புறவழிச்சாலைக்கோ மனைப்பிரிவுக்கோ தோட்டத்தில் ஒரு பகுதி போய்ப் பணம் கைக்கு வரும்போதோ, திருப்பூரில் பனியன் ஏற்றுமதியிலும் நாமக்கல்லில் கோழிப்பண்ணையிலும் திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலும் நாலைந்து நல்ல ஆண்டுகள் தொடர்ந்து அமையும்போதோ, "ஏதாவது நல்லது செய்ய வேண்டும்" என்ற பேச்சு வீட்டில் எழுகிறது. அண்ணன் தம்பிகள் சேர்ந்தால் பத்து லட்சம் ரூபாய் வரை தேறிவிடுகிறது. அந்தப் பணம் எங்கே போக வேண்டும் என்பதற்குக் கோயில் அன்னதானம், ஊர்க்குளம், அரசுப் பள்ளி, பெயர்பெற்ற மருத்துவமனை, பெற்றோர் பெயரில் சொந்த அறக்கட்டளை, படிக்கும் பிள்ளைகளுக்கு உதவி என்று ஆளுக்கொரு யோசனை சொல்லப்படும். எல்லாமே நல்ல காரியங்கள்தாம். ஆனால் பத்து லட்சம் ரூபாய் இவை ஒவ்வொன்றிலும் ஒரே அளவு பயனைத் தருவதில்லை என்பதால், முடிவெடுக்கும் முன் அவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பது கொடுப்பவரின் கடமை.

எதைக் கொண்டு அளப்பது? இன்றைய தமிழ்நாட்டில் கொடை செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது, அரசு ஏற்கெனவே எங்கே வந்து நிற்கிறது என்பதை. நம் தாத்தா காலத்தில் பசிக்குச் சோறும் படிப்புக்குப் பள்ளியும் பெரும்பாலும் தனியார் தர்மத்தையே நம்பி இருந்தன. இன்று நியாயவிலைக் கடையில் அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. தொடக்கப் பள்ளியில் மதிய உணவோடு காலை உணவும் வந்துவிட்டது. மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைக்கு வழி இருக்கிறது. ஆகவே அரசின் கை எட்டாத இடைவெளியைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பதே இப்போது அறிவார்ந்த கொடை.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது பராமரிப்பு. கொடுத்த நாளிலிருந்து ஐந்தாம் ஆண்டில் அந்தக் காரியத்துக்கு யார் பொறுப்பு என்ற கேள்விக்கு ஒரு பெயரோ பதவியோ விடையாக வர வேண்டும். காலிங்கராயன் வாய்க்கால் இதற்கு நம் மண்ணிலேயே உள்ள சான்று. 13ஆம் நூற்றாண்டில் பவானி ஆற்றில் அணை கட்டி, ஈரோட்டைக் கடந்து கொடுமுடி அருகே நொய்யல் வரை ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்துக்கு வெட்டப்பட்ட அந்த வாய்க்கால் இன்றும் பாய்கிறது. அதன் பயனைத் தன் சந்ததியார் அனுபவிக்கலாகாது என்று சொல்லிக் காலிங்கராயர் பொள்ளாச்சிப் பக்கம் ஊத்துக்குளிக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. கட்டியவர் விலகிப் போன பிறகும் வாய்க்கால் நின்றதற்குக் காரணம், அதைச் சார்ந்து வாழ்ந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அதைக் காத்ததுதான்.

இந்த இரண்டு அளவுகோலையும் முதலில் அன்னதானத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். தைப்பூசத்தை ஒட்டி ஈரோடு, கரூர், சேலம் பக்கங்களிலிருந்து பழனிக்கு நடந்து செல்பவர்களுக்குக் காங்கேயம், தாராபுரம் வழியெங்கும் பந்தல் போட்டுச் சோறும் மோரும் கொடுக்கும் வழக்கம் இந்த நாட்டின் பெருமைகளில் ஒன்று. பணம் இல்லாதவர்கூடக் காய் நறுக்கியும் இலை போட்டும் அந்த அறத்தில் பங்குகொள்கிறார்கள். யார் எந்த ஊர், என்ன சாதி என்று கேட்காமல் ஒரே பந்தியில் அமர்கிறார்கள். இந்தப் பண்பை ரூபாய்க் கணக்கால் மட்டும் குறைத்து மதிப்பிட நான் விரும்பவில்லை. ஆயினும் பத்து லட்சத்தையும் அதில் போடுவதை நான் ஏற்கமாட்டேன். தைப்பூச வாரத்தில் அந்தச் சாலைகளில் அடுத்தடுத்துப் பந்தல்கள் இருக்கின்றன. பழனி மலைக்கோயிலிலேயே நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. பல பந்தல்கள் உள்ள வழியில் இன்னும் ஒன்று கூடுவதால் பசித்தவர் ஒருவர் புதிதாக உண்பதில்லை.

உணவுதான் கொடுக்க வேண்டும் என்று மனம் விரும்பினால், இடத்தை மாற்றிக்கொள்ளலாம். கோயம்புத்தூர் அரசு மருத்துவமனையிலும் பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உள்நோயாளிக்கு உணவு கிடைக்கும். கூட வந்து நாள்கணக்கில் தாழ்வாரத்தில் படுத்திருக்கும் அம்மாவுக்கோ கணவனுக்கோ அது கிடையாது. கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். அந்தப் பசி ஆண்டு முழுவதும் இருக்கிறது. அங்கே ஏற்கெனவே உணவு வழங்கிவரும் குழு ஒன்றோடு சேர்ந்து, பெற்றோரின் திதி நாளில் மட்டுமல்லாமல் மாதத்தில் குறிப்பிட்ட சில நாள்களின் செலவை ஏற்றுக்கொள்வது, பெரும்பந்தல் போடுவதைவிடப் பயனுடையது.

அடுத்தது குளம். மேட்டுக்காட்டு விவசாயிகளுக்குத் தண்ணீரைப் போல மனத்தைத் தொடும் விஷயம் வேறில்லை என்பதால், ஊர்க்குளத்தைத் தூர்வாரும் யோசனை உடனே ஆதரவு பெறும். கோயம்புத்தூரில் 2003இல் தொடங்கப்பட்ட சிறுதுளி போன்ற அமைப்புகள், மக்கள் பணத்தாலும் உழைப்பாலும் குளங்களை மீட்க முடியும் என்று காட்டியிருக்கின்றன. 2024 ஆகஸ்டில் பயன்பாட்டுக்கு வந்த அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி ஆற்றின் உபரி நீரைக் கொண்டுவருவதற்கானது. உங்கள் ஊர்க்குளம் அந்தப் பட்டியலில் இருந்தால், வரும் நீரைத் தேக்கிக்கொள்ளும்படி அதைச் சீர்செய்து வைப்பதற்கு இப்போது பொருள் இருக்கிறது. ஆனால் பொக்லைன் வாடகைக்குப் பணம் தருவதோடு குளத்தின் வேலை முடிவதில்லை. வரத்து வாய்க்கால் ஆக்கிரமிப்பில் இருந்தால் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் பயனில்லை. சீமைக்கருவேலம் மூன்றே ஆண்டுகளில் மறுபடி கரையை மூடிவிடும். வண்டல் மண்ணை விவசாயிகள் வட்டாட்சியரின் அனுமதியோடு கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வழி இருப்பதால், தூர்வாரும் செலவில் ஒரு பகுதியைக் கொடையாளர் சுமக்கவே தேவையில்லை. எனவே வரத்து வாய்க்கால் திறந்திருந்து, கரையையும் மதகையும் கவனிக்க ஊரில் ஒரு குழுவும் இருந்தால் மட்டும் குளத்தைத் தேர்ந்தெடுங்கள். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் பணத்தை வேறு வழிக்குத் திருப்புவதே சரி.

பெற்றோர் படித்த அரசுப் பள்ளிக்குச் செய்வது என்ற யோசனைக்கு இரண்டு வழிகள் உண்டு. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி' திட்டத்தின் வழியாகக் குறிப்பிட்ட பள்ளிக்கே நன்கொடை அளிக்கலாம். அல்லது 'நமக்கு நாமே' திட்டத்தில், பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு சேர்த்து வேலையை முடித்துத் தருகிறது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் புற்றுநோய் சிகிச்சை மையத்துக்கு ஊரார் பணம் திரட்டியதும் இந்தத் திட்டத்தின் கீழ்தான். பத்து லட்சம் ரூபாய் முப்பது லட்சம் ரூபாய் வேலையாக மாறும் இந்த வாய்ப்பு வேறெந்த வழியிலும் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

குறை என்னவென்றால், இந்த வழி பெரும்பாலும் கட்டடத்தில் போய் முடிகிறது. நம் ஊர்களில் வகுப்பறை, கலையரங்கம், நுழைவாயில் கட்டித் தர முன்வருபவர்கள் பலர். கழிப்பறையைத் தினமும் கழுவும் அம்மாவுக்கு மாதாமாதம் ஊதியம் தர முன்வருபவர் அரிது. பெண் பிள்ளைகள் மதியத்துக்குமேல் தண்ணீர் குடிக்காமல் இருப்பதும், மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் இருப்பதும் சுத்தமில்லாத கழிப்பறையால் என்பது எந்த ஆசிரியையைக் கேட்டாலும் தெரியவரும். புதிய வகுப்பறையின் சுவரில் பெற்றோர் பெயரைப் பொறிப்பதைவிட, இருக்கும் கழிப்பறைக்கு ஐந்தாண்டுத் தண்ணீரும் தூய்மையும் உறுதிசெய்வது அந்தப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. பள்ளி மேலாண்மைக் குழுவோடு எழுத்துமூலம் பேசி முடித்து, ஆண்டுக்கு ஒருமுறை தவணையாகக் கொடுத்தால் இதைச் செய்ய முடியும்.

நிலைபெற்ற நிறுவனங்களுக்கு நேரே கொடுத்துவிடுவது எல்லாவற்றிலும் எளிய வழி. கோயம்புத்தூரில் 1977இல் சிறு மருத்துவ மையமாகத் தொடங்கிப் பின் கண் மருத்துவமனையாக வளர்ந்த சங்கரா, பணம் செலுத்தும் இருபது விழுக்காட்டு நோயாளிகளின் வருவாயைக்கொண்டு எண்பது விழுக்காட்டினருக்கு இலவசமாகச் சிகிச்சை தரும் முறையை வகுத்துக்கொண்டது. கிராமத்தில் முகாம் போட்டு, கண்புரை உள்ளவர்களை வண்டியில் அழைத்துவந்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். பார்வை திரும்பிய முதியவர் தன் வேலையைத் தானே செய்துகொள்வதோடு, அவரைக் கவனித்துக்கொண்டு வீட்டில் இருந்தவரும் வேலைக்குப் போக முடிகிறது. ஒரே ஒரு சிகிச்சையால் இவ்வளவு மாற்றம் தரும் மருத்துவக் கொடை வேறொன்றை எளிதில் காட்ட முடியாது. சிங்காநல்லூரில் 1996இல் தொடங்கப்பட்ட சாந்தி சோஷியல் சர்வீஸ் இன்னொரு பாதையில் சென்றது. மருந்து, பரிசோதனை, உணவு ஆகியவற்றை இலவசமாக அல்லாமல் குறைந்த விலைக்குக் கொடுத்ததால், வாங்குபவர் கைநீட்ட வேண்டியிருக்கவில்லை. இத்தகைய இடங்களில் ஐந்தாம் ஆண்டுக் கேள்விக்கு விடை தயாராக இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில், பெரிய நிறுவனத்தின் வரவில் உங்கள் பத்து லட்சம் ஒரு சிறு பகுதி. அது இல்லாவிட்டாலும் அந்த நிறுவனம் நடக்கும். கவனிக்க நேரமில்லாத குடும்பங்களுக்கும், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில் இருக்கும் குடும்பங்களுக்கும் இதையே நான் முதலில் சொல்வேன். ஊரில் ஆள் இருப்பவர்களுக்கு வேறு வழி சிறந்தது.

சொந்த அறக்கட்டளை என்ற யோசனையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் கொங்கு நாட்டில் இதற்கு மிகப் பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1926இல் பீளமேட்டில் கோவிந்தசாமி நாயுடுவின் நான்கு புதல்வர்கள் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, நான்கைத் தாங்கள் எடுத்துக்கொண்டு ஐந்தாவது பங்கை அறத்துக்கு எழுதிவைத்தார்கள். அன்று 2,01,000 ரூபாயில் தொடங்கிய பூ.சா.கோ. (பி.எஸ்.ஜி.) அறநிலையம் 1947இல் கலை அறிவியல் கல்லூரி, 1951இல் தொழில்நுட்பக் கல்லூரி, 1985இல் மருத்துவக் கல்லூரி என்று வளர்ந்தது. தர்மத்தையும் உடன்பிறந்தவனாகக் கருதிச் சமபங்கு கொடுத்த அந்தச் செயலை நினைக்கும்போதெல்லாம் மதிப்பு கூடுகிறது. அதைப் பார்த்து, நாமும் அப்பா பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கலாம் என்று நினைப்பது இயல்பே.

ஆனால் அங்கே எழுதிவைக்கப்பட்டது ஒரு செல்வக் குடும்பத்தின் சொத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அதை அன்றாடம் நிர்வகிக்கத் தொழில் தெரிந்த ஆட்கள் தலைமுறைதோறும் இருந்தார்கள். இன்று பத்து லட்சத்தில் தொடங்கும் அறக்கட்டளைக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரப் பதிவு, பான் எண், வருமான வரித் துறையில் வரிவிலக்குப் பதிவு, நன்கொடையாளருக்கு வரிக் கழிவு கிடைக்கச் செய்யும் அங்கீகாரம் (80ஜி என்று பழகிய பெயர்), அவற்றைக் குறித்த காலத்தில் புதுப்பித்தல், ஆண்டுதோறும் கணக்குத் தாக்கல், ஆடிட்டர் கட்டணம் என்று வேலைகள் வரிசையாக இருக்கின்றன. வருமானத்தில் 85 விழுக்காட்டையாவது அறப்பணிக்குச் செலவிட்டிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. முதல் இரண்டு ஆண்டு ஆர்வத்தோடு செய்யும் மகன், மூன்றாம் ஆண்டு தொழில் நெருக்கடியில் மறந்துவிட்டால் பதிவு தடுமாறும். கூட்டாக ஐம்பது லட்சத்துக்குமேல் திரட்ட முடிந்த பங்காளிகளுக்கோ, ஊர் முன்னாள் மாணவர்களுக்கோ தனி அறக்கட்டளை பொருந்தலாம். அதற்குக் குறைந்த தொகை என்றால், ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் ஓர் அறக்கட்டளைக்குள் பெற்றோர் பெயரில் தனிநிதி ஒன்றை ஏற்படுத்தக் கேட்பதே மேல்.

இனி, நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைக்கும் வழிக்கு வருகிறேன். பிளஸ் டூ முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போகிறதா, பனியன் கம்பெனிக்கோ தறிக்குடோனுக்கோ போகிறதா என்பது பல்லடம், சோமனூர், குமாரபாளையம் பக்கத்து வீடுகளில் ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் முடிவாகிறது. அரசு இங்கேயும் நிறையச் செய்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் மருத்துவம், பொறியியல் சேர்ந்தவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசுக் கலைக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு.

இத்தனைக்குப் பிறகும் பிள்ளைகள் நின்றுவிடுவதற்குக் காரணம் கல்லூரிக் கட்டணம் மட்டுமல்ல. சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரக்கூடிய வாரச் சம்பளம் மூன்று ஆண்டுகளுக்கு வராது என்பதே அந்தக் குடும்பத்தின் உண்மையான இழப்பு. அதோடு விடுதியின் மெஸ் கட்டணம், தேர்வுக் கட்டணம், தனியார் கல்லூரியில் இடம் உறுதிசெய்ய ஜூன் மாதத்தில் ஒரே தவணையில் கட்ட வேண்டிய தொகை ஆகியவை சேர்கின்றன. செவிலியர் படிப்பு, பாலிடெக்னிக், சுயநிதிக் கல்லூரிகளில் பி.காம். போன்றவற்றில் சேர்பவர்கள் மேற்சொன்ன ஒதுக்கீட்டுச் சலுகைக்குள் பெரும்பாலும் வருவதில்லை. அரசின் கை எட்டாத இடைவெளி என்று தொடக்கத்தில் சொன்னது இங்கேதான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. மாதம் 2,000 ரூபாய், பத்து மாதத்துக்கு 20,000 ரூபாய் என்ற சிறு தொகை, ஒரு பெண்ணை மூன்றாண்டு படிப்பில் நிறுத்திவைக்கப் போதுமானதாக இருக்கும் வீடுகள் பல.

இங்கே ஒரு முக்கியமான தேர்வு இருக்கிறது. கொங்குக் குடும்பங்கள் பொதுவாக முதலைத் தொடாமல் வட்டியில் தர்மம் நடத்த விரும்புவார்கள். கோயில் கட்டளைகளும் அப்படியே ஏற்பட்டவை. பத்து லட்சத்தை 7 விழுக்காட்டு வைப்பில் போட்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும். அதில் மூன்று மாணவர்களைத் தாங்கலாம். முதலையும் சேர்த்துச் செலவிடுவதென்றால், ஆண்டுக்கு 2 லட்சம் வீதம் பத்து மாணவர்களை ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்குத் தாங்கலாம். அதாவது ஆறு ஆண்டுகளில் வட்டி வழியில் ஆறு பட்டதாரிகள், முதலைச் செலவிடும் வழியில் இருபது பட்டதாரிகள். வட்டி வழியிலும் காலப்போக்கில் இருபதை எட்டலாம், ஆனால் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகும். விலைவாசி ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் பன்னிரண்டே ஆண்டுகளில் அந்த 70,000 ரூபாய் இன்றைய 35,000 ரூபாய்க்குத்தான் சமம். தறி ஓட்டும் வீட்டில் ஒருவர் பட்டம் பெற்று வேலைக்குப் போனால், அடுத்த தங்கையையும் தம்பியையும் படிக்கவைக்கும் பொறுப்பை அவரே பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார். எனவே முதலைச் செலவிடுவதால் தர்மம் அழிந்துவிடும் என்று நான் கருதவில்லை. வங்கியில் இருந்த முதல் மனிதர்களிடம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். இந்தக் காரணத்தால் பத்து லட்சம் அளவிலான கொடைக்கு, ஆறு ஆண்டுகளில் முழுவதையும் செலவிட்டு முடிப்பதையே பரிந்துரைக்கிறேன்.

பெறுபவரின் மானத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். உதவி பெறும் பிள்ளைகளை மேடையேற்றி, பெரிய அட்டையில் எழுதிய காசோலையைப் பிடித்து நிற்கவைத்துப் படம் எடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிந்த இடத்தில், பதினேழு வயதுப் பெண்ணுக்கு அந்தப் படம் நெடுங்காலம் சுமையாக இருக்கும். தேர்வு செய்யும் பொறுப்பைக் கொடையாளர் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல், தலைமையாசிரியர், கல்லூரி ஆசிரியர் ஒருவர், வெளியூர்க்காரர் ஒருவர் என்று மூவரிடம் விட்டுவிட்டால், சொந்தம், சாதி, தேர்தல் என்ற அழுத்தங்களிலிருந்து குடும்பமும் தப்பும்.

வருமான வரிச் சலுகை இந்த முடிவைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவு கிடையாது. பழைய முறையில் இருப்பவர்களுக்கும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகவோ, அரிசி பருப்பு என்று பொருளாகவோ கொடுத்தால் கழிவு இல்லை. வங்கி வழியாகக் கொடுத்து, நிறுவனம் தரும் நன்கொடைச் சான்றை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மாணவருக்கு நேரடியாகக் கொடுக்கும் பணத்துக்கு வரிக் கழிவு கிடைக்காது என்பதும், அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைக்குள் தனிநிதியாக வைக்கச் சொன்னதற்கு இன்னொரு காரணம்.

ஆகவே, ஊரில் கவனித்துக்கொள்ள ஆள் உள்ள ஒரு குடும்பம் பத்து லட்சத்தை வைத்துக்கொண்டு என்னிடம் யோசனை கேட்டால், ஏழு லட்சத்தைக் கல்லூரி மாணவர்களுக்கும், இரண்டு லட்சத்தை அரசுப் பள்ளிக் கழிப்பறையின் ஐந்தாண்டுத் தூய்மைக்கும், ஒரு லட்சத்தை அரசு மருத்துவமனை வாசலில் உணவுக்கும் ஒதுக்கச் சொல்வேன். மூன்றிலும் பணம் தவணையாகவே போக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் முந்தைய ஆண்டின் கணக்கைப் பார்த்த பிறகே அடுத்த தவணை. பிளஸ் டூ முடிவுகள் மே மாதத்தில் வருகின்றன; கல்லூரிச் சேர்க்கைப் பணம் கட்ட வேண்டிய நாள் சில வாரங்களிலேயே வந்துவிடுகிறது. ஆடியில் திதி வருகிறது, அன்றைக்குக் கொடுக்கலாம் என்று காத்திருந்தால், சேர வேண்டிய பிள்ளை அதற்குள் கம்பெனியில் சேர்ந்துவிட்டிருக்கும். தேர்வுக் குழுவையும் அறக்கட்டளையுடனான ஒப்பந்தத்தையும் மாசி, பங்குனிக்குள் முடித்து, சித்திரை பிறக்கும்போது பணம் அந்தத் தனிநிதிக் கணக்கில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.